ஊர் வாசலில் ஆர்ச் கட்டினால் போதுமா? உடையார்பாளையம் யோசிக்க வேண்டிய நேரம்

மிளகு மூட்டைகளோடு ஒரு வியாபாரி வருகிறார். வழியில் சுங்கச்சாவடி. மிளகுக்கு வரி உண்டு, பயறுக்கு இல்லை. "மூட்டைல என்னப்பா?" என்று கேட்டவர்களிடம், "பயறுதாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கிறார். பிறகு மூட்டையைப் பிரித்தால், மிளகெல்லாம் நிஜமாகவே பயறாகிக் கிடக்கிறது. அழுது புலம்பி இறைவனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே பயறு மறுபடியும் மிளகானது.

உடையார்பாளையம் பயறணீஸ்வரர் கோயிலின் தலபுராணக் கதை இது. கோயிலுக்குப் பேர் வந்ததும் இதனால்தான். கவனித்துப் பார்த்தால், ஊரின் அடையாளமே ஒரு 'டோல்கேட்' கதை. சாலையில் வந்தவர் இந்த ஊரில் நின்றார், அதனால் ஊருக்கு ஒரு பெயரும் கதையும் கிடைத்தது.

இன்றும் இந்த வட்டாரத்தில் சுங்கச்சாவடி இருக்கிறது, மணகெதியில். ஃபாஸ்டேக் 'பீப்' அடிக்கிறது, தடுப்புக் கம்பி மேலே போகிறது, கார் பறக்கிறது. திருச்சி – சிதம்பரம் நான்கு வழிச்சாலையில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உடையார்பாளையம் என்ற பெயர் மனதில் நிற்கும்?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் ரெடியாக ஒரு பதில் உண்டு: "பெருசா ஒரு ஆர்ச் கட்டிடலாம்!" கூடவே பாலத் தூண்களுக்குப் பெயின்ட், கலர் லைட், நடுவில் ஒரு செயற்கை நீரூற்று. சென்னை, கோவை என்று பெருநகரங்களில் தொடங்கிய இந்த ஆசை இப்போது பேரூராட்சிகள் வரைக்கும் வந்துவிட்டது. அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் எது அழகு, அது யாருக்கு, நாளைக்கு அதை யார் பார்த்துக்கொள்வது? இதைக் கேட்காமல் சிமென்ட் மூட்டையைப் பிரித்தால், மிளகு பயறான கதைதான் ஆகும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

உடையார்பாளையத்தின் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. அரியலூர் மாவட்டத்தில் உடையார்பாளையம் என்ற பெயரில் ஒரு வட்டமே இருக்கிறது. ஆனால் அந்த வட்டத்தின் தலைமையிடம் ஜெயங்கொண்டம். பேர் ஒரு இடத்தில், ஆபீஸ் இன்னொரு இடத்தில்.

பழைய பெருமைக்குக் குறைவில்லை. பாளையக்காரர்கள், ஜமீன்தார்கள் ஆண்ட ஊர். கனம் கிருஷ்ணையர் இந்த ஜமீனின் ஆஸ்தான வித்வானாக இருந்தவர். உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இசை கற்றது அவரிடம்தான். அரண்மனை, பயறணீஸ்வரர் கோயில், காண்டீப தீர்த்தம், கைத்தறிப் பட்டு, சுற்றுவட்டாரம் முழுக்க முந்திரிக் காடு. சொல்வதற்கும் காட்டுவதற்கும் நிறையவே இருக்கிறது.

சாலையில் ஆளும் வருகிறது. இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்துக்குள் கங்கைகொண்ட சோழபுரம். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில். 2025 ஜூலை ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் மோடி வந்து, ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் தமிழ்நாட்டில் பிரம்மாண்ட சிலைகள் அமைக்கப்படும் என்று அறிவித்துவிட்டுப் போனார். தமிழக அரசு அங்கே அருங்காட்சியகம் அமைக்கிறது, சோழகங்கம் ஏரியைச் சீரமைக்க நிதி ஒதுக்கியிருக்கிறது. ஆக, திருச்சிப் பக்கமிருந்து சோழர்களைப் பார்க்க வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இந்தச் சாலை ஒரு வழி.

பிரச்னை என்னவென்றால், வண்டி வருகிறது, நிற்பதில்லை.

பழைய சாலை ஊரோடு பேசும் சாலை. பஸ் நிற்கும், டீக்கடை நடக்கும், முந்திரிப் பொட்டலம் ஜன்னல் வழியாகக் கை மாறும். நான்கு வழிச்சாலை அப்படி இல்லை. அங்கே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. அதாவது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். ஒரு பெயர்ப் பலகையை 100 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடியும் என்றால், ஓட்டுநருக்குக் கிடைப்பது 4 நொடிகூட இல்லை.

அந்த 4 நொடியில் ஊர் என்ன சொல்லப்போகிறது? நுழைவு வாயில் பற்றிய மொத்த விவாதமும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆர்ச்சில் அப்படி என்ன பிரச்னை?

முதல் பிரச்னை, நம் ஆர்ச்சுகள் வருகிறவர்களிடம் பேசுவதில்லை. கட்டியவரைப் பற்றித்தான் பேசுகின்றன. 'நல்வரவு' என்று ஒரு வார்த்தை. அதன் கீழே யார் நிதி, யார் தலைமை, யார் முன்னிலை, யார் திறந்து வைத்தார் என்று பத்து வரி. 4 நொடியில் ஒருவராலும் படிக்க முடியாது. படித்தாலும் இந்த ஊரில் இறங்கிப் பார்க்க ஒரு காரணம் அதில் இருக்காது.

இரண்டாவது, ஆர்ச் சாலையைவிட வேகமாக வயதாகிவிடும். மதுரை மாட்டுத்தாவணியில் இருந்த நக்கீரர் தோரண வாயில் நல்ல உதாரணம். 1981 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கட்டப்பட்டது. அன்றைக்கு ஊருக்கே பெருமை. வாகனங்கள் பெருகிய பிறகு அதே தூண்கள் போக்குவரத்தை அடைத்துக்கொண்டு நின்றன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் இடிக்கப்பட்டது. இடிக்கும்போது தூண் சரிந்து விழுந்து ஜேசிபி ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். வரவேற்கக் கட்டிய வாசல், கடைசியில் ஓர் உயிரைக் கேட்டது.

மூன்றாவது, தற்காலிக வளைவுகள். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் ஓர் அரசு விழாவுக்காக வளைவு வைக்கப்பட்டது. அந்த இடத்தில் நடந்த விபத்தில் ஓர் இளம் பொறியாளர் இறந்துபோனார். விபத்துக்கு எது காரணம் என்று வாதங்கள் நடந்தன. ஆனால் அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை மக்கள் அந்தச் சாலையிலேயே பெயின்ட்டில் எழுதினார்கள். தமிழ்நாடு அதை மறக்கவில்லை.

அரியலூர் மாவட்டத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. சுண்ணாம்புக்கல், சிமென்ட், கரும்பு என்று இரவு பகலாகக் கனரக லாரிகள் ஓடும் மாவட்டம் இது. இங்கே சாலை ஓரத்தில் ஒரு தூணைக் கூடுதலாக நடுவது வெறும் அலங்கார முடிவு இல்லை. அது பாதுகாப்பு முடிவும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலைகளோ கட்டுமானங்களோ வைக்க மாநிலங்கள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் தெருவிளக்கு, போக்குவரத்து வசதி, சாலை மேம்பாடு, அழகுபடுத்தல் போன்றவற்றுக்கு அந்த உத்தரவிலேயே விலக்கு உண்டு.

இந்த 'அழகுபடுத்தல்' என்ற சொல் ஒரு கதவு. அது வழியாக மரமும் உள்ளே வரலாம், மார்பளவு சிலையும் வரப் பார்க்கலாம். அதனால்தான் எது உண்மையான அழகுபடுத்தல் என்பதை ஊர் மக்களே முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று. தேசிய நெடுஞ்சாலை நிலத்தில் பேரூராட்சி தன் இஷ்டத்துக்கு ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. 2002-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அதற்கு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பாலத்தில் படம் வரைவதும் அப்படித்தான். கான்கிரீட்டில் விரிசல் விழுந்தால் ஆய்வு செய்பவர்களின் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். பெயின்ட் அடித்து மறைத்துவிடக் கூடாது.

பெருநகரத்தில் எது வேலை செய்தது?

சென்னை கத்திபாரா மேம்பாலத்தின் கீழே 2021 டிசம்பரில் ஒரு நகர்ப்புற சதுக்கம் திறக்கப்பட்டது. அங்கே பெயின்ட்டைப் பார்க்க யாரும் போவதில்லை. உட்கார இடம், சாப்பிடக் கடை, வண்டி நிறுத்த வசதி, பக்கத்திலேயே மெட்ரோவும் பஸ்ஸும். மனிதர்கள் நடமாடுவதால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது.

அதே சமயம், பெயின்ட் மட்டும் அடித்துவிட்டுப் போன பாலத்தடிகளை எல்லோரும் பார்த்திருப்போம். முதல் மாதம் செல்ஃபி. ஆறாவது மாதம் ஓவியத்தின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஒரு வருடத்தில் காளை மாட்டின் மூக்குக்குக் கீழே குப்பை மேடு. "எப்ப வரைஞ்சது இது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அமெரிக்காவில் 1965-ல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் என்றே ஒன்று வந்தது. அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் இதற்காக முன்னின்றவர். அந்தச் சட்டத்தின் முக்கிய வேலை புதிதாக எதையும் கட்டுவது இல்லை. சாலையோர விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்துவது, பழைய இரும்புக் கிடங்குகள் கண்ணில் படாமல் மறைப்பது. அதாவது, அழகு முதலில் நீக்குவதில் தொடங்குகிறது. நம்மிடமும் 1959-லேயே பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. போஸ்டர் ஒட்டுபவர்களுக்குத்தான் அது தெரியாது.

நம்ம ஆட்கள் எப்படிச் செய்தார்கள்?

வெளிநாடு வரைக்கும்கூடப் போக வேண்டாம். சாலையை அழகாகவும் உபயோகமாகவும் வைப்பது நமக்குப் பழக்கமான விஷயம்தான்.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழி மைல்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாவற்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று அது சொல்கிறது. அதை எழுத்தில் எழுதி, எண்ணிலும் குறித்து, கூடவே 2 பெரிய குழிகளும் 9 சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சின்னக் குழி ஒன்றுக்கு ஒன்று. படிக்கத் தெரியாதவரும், இருட்டில் தடவிப் பார்ப்பவரும் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். வடிவமைப்பு படித்தவர்கள் இன்று பெரிதாகப் பேசும் விஷயத்தை ஒரு கல்லில் முடித்துவிட்டார்கள்.

அடுத்து, சுமைதாங்கிக் கல். பிரசவம் ஆகாமல் இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக, தலைச்சுமையோடு நடப்பவர் பாரத்தை இறக்கி வைக்கக் குடும்பத்தார் நட்டு வைத்த கல். நினைவுச் சின்னம்தான், ஆனால் அது தினமும் யாரோ ஒருவரின் கழுத்து வலியைக் குறைத்தது.

இந்த மண்ணிலேயே மிகப் பெரிய உதாரணம் சோழகங்கம். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திரன் அதன் நினைவாக எத்தனை உயரத் தூண் வேண்டுமானாலும் எழுப்பியிருக்கலாம். அவன் வெட்டியது ஓர் ஏரி. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்ற பொருளில் குறிப்பிடுகிறது. வெற்றியின் அடையாளமே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியது. அந்த ஊருக்குப் போகும் வழியில், வேலைக்கு ஆகாத ஒரு சிமென்ட் வளைவை நிறுத்திவிட்டு அதற்கு ராஜேந்திரன் பேர் வைத்தால் நன்றாகவா இருக்கும்?

மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். வழியில் போகிறவருக்கு அவை ஏதோ ஒன்றைக் கொடுத்தன. தூரம், ஓய்வு, தண்ணீர்.

சரி, உடையார்பாளையத்துக்கு என்ன செய்யலாம்?

முதலில் வெளிச்சமும் வடிகாலும். பாலத்துக்கும் சுரங்கப்பாதைக்கும் அடியில் தினமும் போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கடைசி பஸ்ஸில் இறங்கி நடக்கும் பெண்கள், தறிக்குப் போகிறவர்கள். மழைக்கு முழங்கால் தண்ணீர் நின்று, இரவில் விளக்கு எரியாத ஒரு சுவரில் எவ்வளவு நல்ல ஓவியம் வரைந்தாலும் அது கேலிதான். எரியும் விளக்குதான் ஒரு பாலத்துக்கு முதல் அலங்காரம்.

இரண்டாவது, படிக்கக்கூடிய ஒரு பலகை. ஊர்ப் பெயர், பிரியும் வழி, தூரம், ஒரே ஒரு காரணம். 'பயறணீஸ்வரர் கோயில்' அல்லது 'கைத்தறிப் பட்டு', இவ்வளவு போதும். அதையும் திரும்பும் இடத்தைத் தாண்டிய பிறகு வைக்காமல், வேகத்தைக் குறைக்க நேரம் இருக்கும் தூரத்தில் வைக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இதே சாலையில் வி.கைகாட்டி என்ற ஊருக்கு அந்தப் பெயர் கைகாட்டி மரத்தால் வந்தது. வழி காட்டும் பலகை ஒன்று ஓர் ஊருக்கே பெயராகிவிட்டது!

மூன்றாவது, மரம். நான்கு வழிச்சாலை வந்த இடத்திலெல்லாம் பழைய புளியமரங்கள் போய்விட்டன. மத்திய அரசின் 2015 பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் நடவும் பராமரிக்கவும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இந்தப் பகுதிக்கு என்ன நடப்பட்டது, எத்தனை பிழைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். அரளி மட்டும் போதாது. சர்வீஸ் ரோட்டில் நிழல் தரும் மரம் வேண்டும்.

நான்காவது, கடை. ரயில்வே 2022-ல் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்று தொடங்கி, ஸ்டேஷன்களில் அந்தந்த ஊர்ப் பொருளை விற்க இடம் கொடுத்தது. அதே யோசனை நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். வண்டியைப் பாதுகாப்பாக ஒதுக்கி நிறுத்த ஓர் இடம், சுத்தமான கழிப்பறை, அதன் அருகே மகளிர் சுயஉதவிக் குழு நடத்தும் முந்திரிக் கடை, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு சின்ன விற்பனை நிலையம். குடும்பத்தோடு போகிறவர்கள் ஆர்ச்சைப் பார்த்து வண்டியை நிறுத்த மாட்டார்கள். கழிப்பறையைப் பார்த்து நிறுத்துவார்கள். இது கொஞ்சம்கூடக் கவித்துவமாக இல்லை. ஆனால் நிஜம்.

கடைசியாகத்தான் ஓவியம். அப்போதும் எங்கேயும் ஒட்டக்கூடிய பரதநாட்டியப் பெண்ணும் ஜல்லிக்கட்டுக் காளையும் வேண்டாம். மிளகு பயறான கதையை ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குத் தொடர்கதை போல வரையலாம். இன்னொரு பக்கம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இந்த மாவட்டம் கடலுக்கடியில் கிடந்த கதை. சுருண்ட அம்மோனைட் படிமங்கள் அரியலூர் மண்ணின் தனிச் சொத்து. பள்ளிப் பிள்ளைகளும் உள்ளூர் ஓவியர்களும் சேர்ந்து வரைந்தால், போஸ்டர் ஒட்ட வருகிற கை கொஞ்சம் யோசிக்கும்.

"ஊருக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

இந்தக் கேள்வி நியாயமானது. கிண்டல் செய்து ஒதுக்கிவிட முடியாது. பெரிய ஊர்கள் எல்லாம் வாசல் வைத்துக்கொள்ளும்போது, சின்ன ஊர்க்காரர்கள் மட்டும் விளக்கும் வடிகாலும் கேட்டால் போதும் என்று சொல்வது ஒரு வகையில் திமிர்த்தனமான அறிவுரை. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு இளைஞன் இரவு பஸ்ஸில் கண் விழிக்கும்போது, 'நம்ம ஊர் வந்துடுச்சு' என்று சொல்லும் ஓர் அடையாளத்தைத் தேடுவது இயல்பு.

அதற்கும் இடம் இருக்கிறது. ஊருக்குள் பிரியும் சாலையில், நெடுஞ்சாலைக்கு வெளியே, லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு கல் அடையாளம் வைக்கலாம். குறுக்கே வளைவு தேவையில்லை. ஓரத்தில் ஒரு கல், அதைச் சுற்றித் திண்ணை, மேலே மர நிழல். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் உட்காரலாம். சுமைதாங்கிக் கல்லின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் யார் தருவது? பார்த்துக்கொள்வது யார்?

பணத்துக்கு வழிகள் உண்டு. எம்.எல்.ஏ. தொகுதி நிதி, எம்.பி. நிதி இரண்டும் இருக்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சிமென்ட் ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் இதைக் கேட்பது பிச்சை இல்லை. அந்த லாரிகள் ஓடுவதும் இதே சாலைகளில்தான்.

சிக்கல் பராமரிப்பில்தான். பாலம் நெடுஞ்சாலை ஆணையத்துடையது, விளக்கு பேரூராட்சியுடையது, கரன்ட் பில் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டும் கதை தமிழ்நாடு முழுக்க உண்டு. அதனால் எந்த அழகுபடுத்தும் திட்டமாக இருந்தாலும், அடிக்கல்லுக்கு முன்னால் ஒரு தாள் வேண்டும். யார் கூட்டுவது, யார் பில் கட்டுவது, மரத்துக்கு மூன்று கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத திட்டத்துக்கு மன்றக் கூட்டத்தில் கை தூக்கவே கூடாது. கல்வெட்டில் பெயர் போட ஆசைப்படுபவர்கள் இருந்தால், தாராளமாகப் போடட்டும். திறந்து வைத்தவர் பெயரோடு, பராமரிப்பவரின் பதவியையும் போன் நம்பரையும் சேர்த்துப் போடட்டும்.

பழைய வியாபாரி பொய் சொன்னாலும் இந்த ஊரில் நின்றுதான் போனார். இன்றைக்குப் போகிறவர்கள் பொய்கூடச் சொல்வதில்லை, நிற்பதே இல்லை. அவர்களை நிறுத்தப் போவது மேலே வளைந்து நிற்கும் சிமென்ட்டா, கீழே எரியும் விளக்கும் நிழலும் ஒரு பொட்டலம் முந்திரியுமா? அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்னால் உடையார்பாளையம் பேசி முடிவெடுக்க வேண்டியது இதைத்தான்.